கன்னியாகுமரி மாவட்டக் கடைகளுக்கு விளம்பரம்: மேப்பா, டைரக்டரியா, வைஃபையா?

மார்த்தாண்டத்தில் பேக்கரி வைத்திருப்பவர் ஆன்லைன் டைரக்டரி ஒன்றில் கடையைப் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'நகரம்' என்ற கட்டத்தில் மார்த்தாண்டம் வரவில்லை. மாவட்டம் கன்னியாகுமரிதானே என்று அதைத் தட்டிவிடுகிறார். அன்றிலிருந்து அவருடைய கடை, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிச் சூரிய உதயம் பார்க்க வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களுக்குத் தெரியும். குழித்துறையில் பிறந்தநாள் கேக் தேடுகிறவருக்குத் தெரியாது. மாவட்டத்துக்கும் ஊருக்கும் ஒரே பெயர் வைத்ததன் பலன் இது. மதுரைக்காரருக்கோ தஞ்சாவூர்க்காரருக்கோகூட இந்தத் தொல்லை உண்டுதான். ஆனால் அங்கே மாவட்டப் பெயரில் இருக்கும் ஊர்தான் பெரிய ஊர், அதனால் பெரிய சேதம் இல்லை. நமக்குப் பெரிய ஊர் நாகர்கோவில். கன்னியாகுமரி என்பது நாட்டின் கோடியில் இருக்கிற சுற்றுலா ஊர். பணம் கட்டி விளம்பரம் செய்யும் எந்தச் சேவையை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் ஊரை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

மாவட்டத்துச் சின்னக் கடைக்காரருக்கு இன்று முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: கூகுள் மேப்பில் வரும் பிசினஸ் புரொஃபைல், ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் போன்ற டைரக்டரிகள், பொது வைஃபையில் லாகின் பக்கத்தில் வரும் விளம்பரம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேப் எல்லாருக்கும் வேண்டும், காசும் இல்லை. டைரக்டரி சில தொழில்களுக்கு மட்டும். வைஃபை விளம்பரம், ஆள் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும்.

மேப்: காசில்லை, ஆனால் வேலை உண்டு

2021 வரை கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்ததுதான் இப்போதைய கூகுள் பிசினஸ் புரொஃபைல். இதில் பதிவதற்குக் கட்டணம் கிடையாது. "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் லிஸ்டிங்கைப் புதுப்பிக்க இவ்வளவு கட்டுங்கள்" என்று போன் வந்தால் அது கூகுள் இல்லை, அவ்வளவுதான்.

கடை உங்களுடையது என்று நிரூபிக்க இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். இடையில் வெட்டாமல், குறைந்தது 30 விநாடிக்கு, ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். தெருவில் தொடங்குங்கள். பக்கத்துக் கடைப் பலகையோ, ஊர்ப் பெயர் எழுதிய ஏதாவதோ தெரியட்டும். பிறகு உங்கள் பெயர்ப் பலகை. பிறகு ஷட்டர் பூட்டைத் திறப்பதோ, கல்லாவைத் திறப்பதோ, பில் மெஷினில் கடைப் பெயரோடு பில் அடிப்பதோ காட்டுங்கள். கடைக்கு உள்ளே மட்டும் சுற்றிச் சுற்றி எடுத்த வீடியோ திரும்பி வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதில் இடத்துக்கும் கடைக்கும் தொடர்பு தெரிவதில்லை. பெயர்ப் பலகையே இல்லாத கடை, பலகை வைத்துவிட்டு வீடியோ எடுப்பது உத்தமம்.

பெயர்க் கட்டத்தில் பலகையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். கடைப் பெயரோடு 'நாகர்கோவில் நம்பர் ஒன் ஏத்தங்கா சிப்ஸ் ஹோல்சேல்' என்று வால் சேர்ப்பது விதிமீறல். புகார் போனால் லிஸ்டிங்கை முடக்குவார்கள், மீட்பதற்குள் ஒரு சீசன் போய்விடும். அந்தச் சொற்களைப் போட வேறு இடம் இருக்கிறது. 750 எழுத்து வரை விவரம் எழுதலாம், பொருள் பட்டியலும் சேர்க்கலாம். இங்கே ஒரு விஷயம். நாம் ஏத்தங்கா என்கிறோம், சென்னையிலிருந்து வருகிறவர் நேந்திரம் சிப்ஸ் என்று தேடுவார். நாம் மரச்சீனி என்கிறோம், அவருக்கு அது மரவள்ளி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்தவருக்குக் கப்பை. மூன்று சொல்லையும் விவரத்தில் வாக்கியமாகவே எழுதலாம்: "ஏத்தங்கா சிப்ஸ், அதாவது நேந்திரம் சிப்ஸ், தேங்காய் எண்ணெயில் பொரித்தது." மலையாளத்திலும் ஒரு வரி சேர்த்தால் தப்பில்லை. மேற்கு மாவட்டத்துக் கடைகளுக்கு எல்லை தாண்டி வரும் கூட்டம் சாதாரணமல்ல.

வகை, அதாவது கேட்டகிரி, முதன்மையாக ஒன்றும் கூடுதலாக ஒன்பதும் போடலாம். முதன்மை வகைக்குத்தான் கனம். காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் பழம்பொரியும் சாயாவும் என்று நடக்கும் கடை 'உணவகம்' என்று வைத்துக்கொண்டு 'டீக்கடை'யைக் கூடுதலில் போடுவது சரி. ஒன்பதையும் நிரப்ப வேண்டும் என்று சட்டமில்லை. செய்யாத வேலையைப் போட்டால் தப்பான அழைப்புகள்தான் வரும்.

இந்த மாவட்டத்தில் அதிகம் பிழை நடக்கிற இடம், கடையைக் குறிக்க மேப்பில் குத்தும் பின்தான். முகவரியில் தெருப் பெயர் கிடையாது. ஏதோ ஒரு விளை, பழைய கதவு எண், புதிய கதவு எண், 'சர்ச் எதிர்ப்புறம்'. மேப்புக்கு அது புரியாமல் பின்னை அஞ்சலகத்திலோ பின்கோடு பகுதியின் நடுவிலோ குத்திவிடும். சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, கூரையைப் பார்த்து, கையால் நகர்த்தி வாசலில் வையுங்கள். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலத்தை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பின் பாலத்துக் கோட்டின்மேல் விழுந்தால், வழி கேட்டு வரும் வண்டியை மேப் பாலத்தின் மேலே ஏற்றிவிடும். அவர் உங்கள் கடையின் தலைக்கு மேலே போய், அடுத்த முனையில் இறங்கி, போன் செய்வார். செய்யாமல் வேறு கடைக்குப் போகிறவர்தான் அதிகம். பின்னைக் கீழ்ச் சாலை பக்கம் வாசலுக்கு நகர்த்திவிட்டு, வேறு ஒருவர் போனில் வழி போட்டுப் பார்த்துச் சரி செய்யுங்கள்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது அடுத்த வம்பு. தக்கலைக்கும் குளச்சலுக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு, தமிழிலேயே நாகர்கோவிலா நாகர்கோயிலா என்று தீரவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேப், டைரக்டரி, பில், பலகை எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். அஞ்சல்துறை பின்கோடோடு போடும் எழுத்துக்கூட்டை எடுத்துக்கொண்டால் சண்டை வராது. தரைவழி எண் இருந்தால் நாகர்கோவில் பக்கம் 04652, குழித்துறை பக்கம் 04651 என்பதைச் சரிபாருங்கள். பழைய டைரக்டரிகளில் இது மாறிக் கிடப்பதும், சரண்டர் செய்த எண் இன்னும் உலவுவதும் உண்டு.

கடையைப் பதிந்து கொடுக்கும் ஏஜென்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதன்மை உரிமையாளர் கணக்கு கடைக்காரரின் சொந்த ஜிமெயிலாக இருக்க வேண்டும். ஏஜென்டுக்கு மேனேஜர் உரிமை போதும். தலைகீழாக இருந்தால், அவரோடு மனஸ்தாபம் வரும் அன்று லிஸ்டிங்கும் போகும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால், மேப்பில் கடையைத் திறந்து உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாள் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் நீங்களே நிரூபித்து எடுத்துக்கொள்ளும் வழி திறக்கலாம்.

ரிவ்யூவுக்கு இனாம் கொடுக்காதீர்கள். 'அஞ்சு ஸ்டார் போட்டால் ஒரு ஐஸ்கிரீம் ஃப்ரீ' என்ற அட்டை கூகுள் விதிக்கு நேர் எதிர். பில் கொடுக்கும் மேசையில் ரிவ்யூ லிங்கின் க்யூஆர் ஒட்டினால் போதும். மட்டமான ரிவ்யூ வந்தால் இரண்டு வரியில் பதில். சண்டை போட்ட பதிலைப் படிக்கிறவர் சண்டை போட்டவரைத்தான் நினைவில் வைப்பார்.

மேப்பில் பணம் கட்டி விளம்பரம் செய்ய நினைத்தால் கூகுள் ஆட்ஸில் கடையைச் சுற்றி வட்டம் போடலாம், குறைந்தபட்சம் ஒரு கிலோமீட்டர் ஆரம். கன்னியாகுமரி ஊரில் முனையை ஒட்டி அந்த வட்டத்தைப் போட்டால் பாதிக்கு மேல் கடல்தான். மீனுக்குச் சிப்ஸ் விற்க முடியாது, ஆனால் கடலுக்குக் காசும் போகாது. கவலைப்பட வேண்டியது வேறு. இயல்பான அமைப்பில், அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தின்மேல் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும். டெல்லியில் உட்கார்ந்து விவேகானந்தர் பாறை பற்றிப் படிக்கிறவரும் அதில் அடக்கம். லாட்ஜுக்கும் டாக்ஸிக்கும் அது வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கு வேண்டாம். 'இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள்.

டைரக்டரி: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

ஜஸ்ட்டயல் 1996-இல் தொடங்கிய நிறுவனம், 2021-இல் ரிலையன்ஸ் ரீட்டெய்ல் கைக்குப் போனது. இலவசமாகப் பதியலாம். மேலே வர வேண்டுமானால் பேக்கேஜ். இதில் வருகிறவர் பொருளைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறவரல்ல, வீட்டில் ஒரு தேவை வந்து போனை எடுத்தவர். ஆகவே ஏசி மெக்கானிக், போர்வெல், தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது, வீட்டு நர்ஸ், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், கல்யாண கேட்டரிங், பந்தல் போன்ற, வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறையோ ஆயுளுக்கு ஒருமுறையோ மட்டுமே தேடும் தொழில்களுக்கு இது பொருந்தும். மளிகைக்கடை, ஃபேன்சி ஸ்டோர், சாயாக்கடைக்குப் பேக்கேஜ் எடுப்பது வீண். கோட்டாறு மார்க்கெட்டில் அரிசி வாங்குகிறவர் டைரக்டரி பார்த்து வருவதில்லை.

ஒன்றைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். இவ்வகை டைரக்டரிகளில் ஒரு வாடிக்கையாளரின் என்கொயரி பொதுவாக உங்களுக்கு மட்டும் வருவதில்லை, அதே நிமிஷத்தில் போட்டிக் கடைகளுக்கும் போகும். முதலில் போனை எடுக்கிறவர்தான் ஜெயிப்பார். அரை மணி கழித்துத் திருப்பி அழைக்கும் பழக்கம் உள்ள கடைக்கு எந்தப் பேக்கேஜும் உதவாது. மார்த்தாண்டம் மெக்கானிக்குக்கு ஆரல்வாய்மொழி என்கொயரி வந்து என்ன பிரயோஜனம்? விற்பனைப் பிரதிநிதியிடம், "எந்த வகை, எந்த பின்கோடுகள், ஒரு என்கொயரி எத்தனை பேருக்குப் போகும்" என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் இருக்காது.

பணம் பெரும்பாலும் மாதத் தவணையாக வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் மாண்டேட்டாக இருக்கும். கையெழுத்துப் போடும்முன் மாண்டேட்டில் எழுதியிருக்கும் உச்சத்தொகையையும் முடிவு தேதியையும் பாருங்கள். சில படிவங்களில் 'ரத்து செய்யும் வரை' என்று இருக்கும். நிறுத்த வேண்டுமானால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, வங்கியிலும் மாண்டேட்டை ரத்து செய்ய மனு கொடுங்கள். நிறுவனத்துக்கு மட்டும் எழுதிவிட்டு இருந்தால் அடுத்த மாதமும் பணம் போகலாம். சொன்ன தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர் அந்த வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது, அவருக்கு அது முழுச் செலவு.

டைரக்டரி உங்களுக்கென ஒரு தனி எண்ணைக் காட்டி, அழைப்பை உங்கள் போனுக்குத் திருப்பிவிடலாம். எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ண அது வசதி. ஆனால் அந்த எண்ணைப் பலகையிலோ வண்டியிலோ எழுதாதீர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் எண் உங்களிடம் இருக்காது.

கணக்கு பார்க்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எண், என்ன கேட்டார், வந்தாரா, எவ்வளவு. 30 நாள் எழுதுங்கள். ஓர் உதாரணத்துக்கு: மாதம் 3,000 ரூபாய் பேக்கேஜ், வரியோடு 3,540. என்கொயரி 20, வேலை ஆனது 4, ஒரு வேலைக்கு நிகர லாபம் 500. வந்தது 2,000, கையிலிருந்து போனது 1,540. அதே கணக்கில் ஒரு வேலைக்கு 3,000 நிற்கும் கேட்டரிங்காரருக்கு இரண்டு ஆர்டர் போதும், லாபம்தான். பேக்கேஜ் நல்லதா கெட்டதா என்பதை நிர்ணயிப்பது டைரக்டரியின் பெருமை அல்ல, உங்கள் தொழிலில் ஒரு ஆர்டரில் என்ன நிற்கிறது என்பதுதான்.

இந்தியாமார்ட் வேறு ரகம். அங்கே வருகிறவர் மொத்த வியாபாரி. தென்னை நார், ரப்பர் பொருள், முந்திரி, தேன், வடசேரிக் கோயில் நகை என்று மாவட்டத்துக்கு வெளியே விற்கும் சரக்கு இருந்தால் பார்க்கலாம். வடசேரி வேலைக்கும் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் மட்டி வாழைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பொருள் விவரத்தில் அதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் உங்கள் சரக்கு குறியீட்டுக்கு உட்பட்டதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். பக்கத்து மாவட்டத் தேங்காய்க்கு ஈத்தாமொழிப் பெயர் வைத்தால் சட்டச் சிக்கல். பொருளின் படத்தில் அளவு தெரிய ஒரு ஸ்கேலோ நாணயமோ பக்கத்தில் வைத்து எடுங்கள். எடை, ஈரப்பதம், குறைந்தபட்ச ஆர்டர் இல்லாத பதிவுக்கு வரும் என்கொயரியில் பாதி 'ரேட் என்ன' என்பதோடு நின்றுவிடும்.

வைஃபை: கவர்ச்சி அதிகம், பொறியும் அதிகம்

பொது வைஃபை விளம்பரம் விற்க வருகிறவர் சொல்வது இதுதான்: ஆள் இலவச வைஃபையில் இணைவார், லாகின் பக்கம் வரும், அதில் உங்கள் விளம்பரம். சொல்லாமல் விடுவது, மலிவான மொபைல் டேட்டா எல்லார் கையிலும் இருக்கும்போது அந்த ஆள் எதற்கு ஓடிபி போட்டு இணையப்போகிறார் என்பது. இணைகிறவர்கள் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவர், அன்றைய டேட்டா தீர்ந்தவர், படம் பார்க்க நேரம் இருப்பவர். ஆகவே இடம்தான் எல்லாம்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர்கள், வண்டி சர்வீஸுக்கு விட்டுக் காத்திருப்பவர், முடிதிருத்தகம், பழைய கட்டட லாட்ஜ், பாறைக்குப் போகும் படகு வரிசை, பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் சிக்னல் தடுமாறும் இடங்கள்: இவை தேறும். தோவாளை பூ மார்க்கெட்டில் தேறாது. காலை ஏலத்தில் இரண்டு கையும் பூவில் இருக்கும். சாயாக்கடையும் தேறாது. ஒரு சாயாவுக்கு ஐந்து நிமிஷம், எஸ்எம்எஸ் ஓடிபி வருவதற்கே அதில் ஒன்று போய்விடும். 2024 டிசம்பர் 30-இல் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு படகுத்துறையில் வரிசை நீளும் நாட்கள் உண்டு. ஆனால் அத்தனை போன் ஒரே இடத்தில் கூடும்போது ஓடிபியும் தாமதமாகும். வெளிநாட்டு எண்ணுக்குப் பல சமயம் வரவே வராது. அங்கே வைப்பதானால் கவுண்டரில் கொடுக்கும் வவுச்சர் குறியீடு மாதிரி மாற்று வழி வேண்டும்.

ரயில் நிலையங்களில் ரயில்டெல் நடத்தும் ரயில்வயர் வைஃபை நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறது. முதல் அரை மணி இலவசம், பிறகு கட்டணம். தனிக் கடைக்காரர் அதைத் துரத்துவதைவிட, நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் கூகுள் வட்டம் போடுவது எளிது.

கடைக்காரர் தானே வைஃபை கொடுக்க நினைத்தால் பிஎம்-வாணி திட்டம் உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பழைய எஸ்டிடி பூத் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 'பப்ளிக் டேட்டா ஆபீஸ்', சுருக்கமாகப் பிடிஓ. அவருக்கு உரிமமும் வேண்டாம், தொலைத்தொடர்புத் துறையில் பதிவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பல பிடிஓக்களைச் சேர்த்து, லாகினையும் கணக்கையும் பார்ப்பவர் அக்ரிகேட்டர், அவர்தான் துறையில் பதிந்திருக்க வேண்டும். பயனர் ஆப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு அருகிலுள்ள வாணி இடத்தில் இணைவார். வீட்டு பிராட்பேண்டை எடுத்து விற்கக்கூடாது, ஒப்பந்த விதிமீறல். முன்பு பிடிஓக்களிடம் நிறுவனங்கள் லீஸ்டு லைன், அதாவது பெரிய நிறுவனங்களுக்கான தனி இணைப்பின், கட்டணம் கேட்டதால்தான் திட்டம் நொண்டியது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட கட்டண உத்தரவுப்படி, 200 எம்பிபிஎஸ் வரையான ஃபைபர் திட்டங்களைப் பிடிஓவுக்குச் சில்லறைக் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மிகாமல் கொடுக்க வேண்டும். இணைப்பு எடுக்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

டேட்டா விற்று லாபம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். தினம் 20 பேர் 5 ரூபாய் பேக் எடுத்தாலும் 100 ரூபாய், அதில் அக்ரிகேட்டர் பங்கு, மின்சாரம், இணைப்புக் கட்டணம் கழிய வேண்டும். லாபம் வேறு இடத்தில். ஆஸ்பத்திரி எதிரில் மெஸ் வைத்திருப்பவர் தன் லாகின் பக்கத்தில் பக்கத்து மெடிக்கல் ஷாப், லாட்ஜ், டாக்ஸிக்கு இடம் கொடுத்து மாத வாடகை வாங்கலாம்.

இனி, கெட்டுப்போகும் இடங்கள். நெட்வொர்க் பெயரிலிருந்து தொடங்குவோம். எஸ்எஸ்ஐடி எனப்படும் அந்தப் பெயர் 32 பைட்டுக்கு மேல் போகாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று. மெய்ப்புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. 'நாகர்கோவில்' என்று போட்டால் ந, கால், க, ர, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று பதினொன்று, 33 பைட். ஒரே ஒரு பைட்டால் ஊர்ப் பெயர் உள்ளே போகாது. தக்கலை 18 பைட்டிலும் குளச்சல் 24 பைட்டிலும் அடங்கும். மார்த்தாண்டத்துக்கு 39 வேண்டும். ஆகவே பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, லாகின் பக்கத்தைத் தமிழில் வையுங்கள்.

லாகின் பக்கம் முழு பிரவுசரில் திறக்காது, போனே திறக்கும் ஒரு குட்டி ஜன்னலில் திறக்கும். இணைப்பு கிடைத்ததும் பல போன்களில் அது தானாக மூடிக்கொள்ளும். ஆகவே 'இங்கே தட்டுங்கள்' என்ற பட்டனை நம்பி விளம்பரம் செய்யாதீர்கள். தட்டுகிறவர் இன்னும் இணையத்தில் இல்லை. வாட்ஸ்அப் லிங்கும் மேப் லிங்கும் லாகினுக்கு முன்பே திறக்க வேண்டுமானால் அந்த முகவரிகளை ரூட்டரின் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் குட்டி ஜன்னலிலிருந்து ஆப் திறக்கும் என்று உறுதியில்லை. வேலை செய்வது பழைய முறை: பெரிய எழுத்தில் கடைப் பெயர், 'இந்த மெஸ்ஸுக்கு அடுத்த வாசல்' என்ற ஒரு வரி, போன் எண், 'துணை10 என்று சொன்னால் பத்து ரூபாய் குறைவு' என்ற சொல். கல்லாவில் எத்தனை பேர் அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதே உண்மையான அறிக்கை. பக்கம் மொத்தம் 150 கேபிக்குள் இருக்கட்டும், வீடியோ வேண்டவே வேண்டாம்.

விற்பவர் மாதக் கடைசியில் '4,000 சாதனங்கள்' என்று அறிக்கை தந்தால், எதை எண்ணினார் என்று கேளுங்கள். ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி மேக் முகவரி, அதாவது சாதனத்தின் அடையாள எண், காட்டுகின்றன. ஒரே ஆள் மூன்று பெயருள்ள மூன்று இடத்தில் இணைந்தால் மூன்று சாதனம். நெட்வொர்க்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ந்தால் சில போன்களில் இன்னொன்று. ஓடிபி சரிபார்த்த தனித்தனி மொபைல் எண்கள் எத்தனை என்ற கணக்கில் மட்டும் பணம் கொடுங்கள்.

அந்த எண்களை எடுத்து விளம்பர எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். வைஃபைக்காகக் கொடுத்த எண் விளம்பரத்துக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. 2018-இன் டிராய் விதிப்படி அனுப்புகிறவர் பெயரும் செய்தி வாசகமும் முன்கூட்டியே, அதற்கென உள்ள டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும், 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. சம்மதம் வேண்டுமானால் தனியாக ஒரு கட்டம், முன்பே டிக் போடாமல். இன்னொன்று, தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 குறிதான், ஆங்கிலத்துக்கு 160. ஒரு சின்னத் தமிழ்ச் செய்திகூட மூன்று எஸ்எம்எஸ் காசு பிடிக்கும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும்.

கருவி விஷயம். கடற்கரை ஊர்களில் வெளியே மாட்டும் ஆக்சஸ் பாயிண்டை, அதாவது வைஃபை பரப்பும் பெட்டியைக் கொல்வது வெயிலோ மழையோ அல்ல, உப்புக்காற்று. கன்னியாகுமரியிலும் குளச்சலிலும் லேன் கேபிள் நுழையும் சாக்கெட்டில் பச்சை பூத்து, ஒளிரும் விளக்கெல்லாம் சரியாக இருந்தும் வேகம் பத்தில் ஒன்றாக விழும். தேவை, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரப் பெட்டி, கேபிளைக் கீழிருந்து மேலாக நுழைக்கும் வாய், இணைப்பின்மேல் சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கேபிள் நுழையும்முன் ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். தென்னந்தோப்புக்கு நடுவே, ஓலை நனைந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை படுத்துவிடும், அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11-இல் எது காலியோ அதை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடியில் முதலில் போவது ரூட்டரின் லேன் போர்ட். எர்த் சரியாக இல்லாத கட்டடத்தில் சர்ஜ் புரொடெக்டர் அலங்காரம்தான். கரண்ட் போகும்போது ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வேண்டும். ரூட்டருக்கு மட்டும் வைத்துவிட்டு 'நெட் வரவில்லை' என்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

இத்தனையும் செய்து முடித்த கடையிலும் விட்டுப்போகிற ஒன்று விசேஷ நேரம். தேசிய விடுமுறை வந்தால் மேப் தானே நினைவுபடுத்தும். மண்டைக்காடு கோயில் கொடைவிழாவுக்கும் டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பது அதற்குத் தெரியாது. கடை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை நீங்களே தேதி போட்டுச் சேர்க்க வேண்டும். கன்னியாகுமரி ஊரில் ஐயப்ப சீசனுக்கு விடிகாலை நாலு மணிக்கே திறப்பவர்கள், கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நேரத்தை மாற்றி, தை பிறந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.